பண்டிகை முடிந்த பின்னும் தங்கியிருக்க: திருவழிபாட்டு ஆண்டைத் தொடங்குவோருக்கு

உயிர்ப்புப் பெருவிழாவின் காலையில் வாசல்வரை நிரம்பி நின்ற கோவில், அடுத்த ஞாயிறே பாதி காலியாகிவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நாற்பது நாள் புலால் உண்ணாமலும், வெள்ளிதோறும் சிலுவைப் பாதைக்குத் தவறாமலும் இருந்தவர்கள், அந்த நோன்பு எதற்காக இருந்ததோ அந்தக் கொண்டாட்டத்தை ஒரே நாளில் முடித்துக்கொள்கிறார்கள். திருஅவையோ அந்தக் கொண்டாட்டத்துக்கு ஐம்பது நாள் ஒதுக்கியிருக்கிறது. நோன்பின் தவக்காலத்தைவிட, உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலம் நீளமானது என்று திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோரின் வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், பிறவியிலேயே கிறிஸ்தவர்களாக இருப்போரும் வியப்போடு திரும்பிப் பார்க்கிறார்கள்.

புதிதாகத் திருஅவைக்குள் வந்தவர்கள், திருமணத்தால் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், சிறு வயது முதல் கோவிலுக்குப் போயும் பீடத்தின் துணி ஏன் நிறம் மாறுகிறது என்று ஒருமுறையும் கேட்டிராதவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்க இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவன் என்பதால் அந்த முறையின் சொற்களையே பயன்படுத்துகிறேன். தென்னிந்தியத் திருச்சபையினரும் லுத்தரன் சபையினரும் ஏறத்தாழ இதே காலங்களைக் கடைப்பிடிப்பதால், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய காத்திருப்பை நான் திருவருகைக் காலம் என்பதை அட்வெந்து என்றும், தவக்காலம் என்பதை லெந்து நாட்கள் என்றும் மாற்றிப் படித்தால் அவர்களுக்கும் இது பயன்படும். கேரளத்தின் சீரோ மலபார் திருஅவை ஆண்டை வேறு விதமாகப் பகுக்கிறது. அந்த மரபினர் தங்கள் பங்கின் நாட்காட்டியையே பின்பற்ற வேண்டும்.

முதல் படி: ஒரு நாட்காட்டியும் ஒரு நோட்டும்

திருஅவை தன் காலங்களையும் விழாக்களையும் வரிசைப்படுத்தும் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 30-ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே அதன் முதல் நாள். ஆகவே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அது அமையும். அதற்கு முன்பே பங்கு அலுவலகத்திலோ கிறிஸ்தவப் புத்தகக் கடையிலோ அன்றாட வாசகங்களைக் குறிக்கும் திருவழிபாட்டு நாட்காட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி இதற்குப் போதாது, ஏனெனில் அதில் விழாக்கள் இருக்குமே தவிர காலங்கள் இருக்கமாட்டா.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தகுதி குறிக்கப்பட்டிருக்கும். பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்பவை அந்தத் தகுதிகள். புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பிடித்துக்கொள்ள முயன்று இரண்டாம் மாதத்திலேயே களைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். முதல் ஆண்டில் ஞாயிறுகளையும் பெருவிழாக்களையும் மட்டும் கவனித்தால் போதும். மற்றவை தாமே வந்து சேரும்.

நோட்டு சாதாரண நாற்பது பக்க நோட்டாகவே இருக்கட்டும். வாரத்துக்கு அரைப் பக்கம் எழுதினால் ஓராண்டுக்கு அது போதுமானது.

இரண்டாம் படி: உயிர்ப்பு ஞாயிறு எப்போது என்று கண்டுபிடித்தல்

கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25-இல் நிலைத்து நிற்கிறது. உரோமையில் அந்த நாள் கொண்டாடப்பட்டதற்கு 336-ஆம் ஆண்டளவிலேயே எழுத்துச் சான்று உண்டு. ஆனால் ஆண்டின் அச்சாணி அதுவன்று. உயிர்ப்பு ஞாயிறுதான் அச்சாணி. அது நகர்ந்தால் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதனும், உயிர்ப்புக்கு முந்தைய குருத்து ஞாயிறும், பாஸ்கா காலத்தை நிறைவுசெய்யும் தூய ஆவிப் பெருவிழாவும் சேர்ந்தே நகர்கின்றன. 325-ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் எல்லாச் சபைகளும் இந்நாளை ஒன்றாகக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. மார்ச் 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பதே நிலைபெற்ற கணக்கு. ஆகவே மார்ச் 22-க்கு முன்போ ஏப்ரல் 25-க்குப் பின்போ அது வருவதில்லை.

தமிழருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதன்று. நம் நாட்காட்டியில் பெரும்பாலும் அது பங்குனி மாதத்து முழுநிலவாகவும், சில ஆண்டுகளில் சித்திரை பிறந்த சில நாட்களுக்குள் வரும் முழுநிலவாகவும் இருக்கும். பெரிய வியாழன் இரவில் நற்கருணை முன் விழித்திருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள், வானில் பெரிய நிலவைக் காண்பது தற்செயல் இல்லை. இஸ்ரயேலரின் பாஸ்கா முழுநிலவு நாளில் கொண்டாடப்பட்டது. இயேசு ஒலிவ மலையில் மன்றாடிய இரவிலும் அந்த நிலவு இருந்தது. திருஅவை கைக்கொள்வது வானில் காணும் நிலவை அன்று, பட்டியலிட்டு வகுத்த நிலவை என்பதால் ஓரிரு நாள் வேறுபாடு நேரலாம்.

2027-ஆம் ஆண்டை எடுத்துச் செய்து பாருங்கள். முழுநிலவு மார்ச் 22, திங்கள். எனவே உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 10, திருநீற்றுப் புதன். ஞாயிறுகள் ஆண்டவரின் உயிர்ப்பு நாட்கள் என்பதால் நோன்புக் கணக்கில் சேரா. ஆறு ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது கிடைக்கும். உயிர்ப்பு ஞாயிற்றையும் சேர்த்து ஐம்பதாம் நாளை எண்ணினால் மே 16, தூய ஆவிப் பெருவிழா. பழைய யூலியன் நாட்காட்டிக் கணக்கைப் பின்பற்றும் கிரேக்க, ரஷ்யத் திருஅவைகளுக்கு அதே ஆண்டில் உயிர்ப்பு ஞாயிறு மே 2-இல் வருகிறது. கணக்கு வேறானாலும் விழா ஒன்றே.

இந்த ஆண்டில் கற்றுக்கொள்ள வேறொன்றும் இருக்கிறது. கிறிஸ்து பிறப்புக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னதாக, மார்ச் 25-இல், ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா வரும். 2027-இல் அந்த நாள் பெரிய வியாழன். உயிர்ப்புக்கு முந்தைய புனித வாரத்துக்கு எந்தப் பெருவிழாவும் வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆகவே அது உயிர்ப்பு ஞாயிற்றில் தொடங்கும் பாஸ்காவின் எட்டு நாட்களும் முடிந்த பின், ஏப்ரல் 5, திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. ஆண்டின் இதயம் எங்கே இருக்கிறது என்பதை நாட்காட்டியே இப்படிச் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் படி: வாசகங்களோடு பழகுதல்

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டம் 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்தது. மறைநூலின் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று அது கேட்டதன் விளைவாக, 1969-இல் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக ஒழுங்குபடுத்தப்பட்டன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா ஆகிய நற்செய்திகள் வாசிக்கப்படும். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் நிறைய இடம் பெறுகிறார். ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது, 2026 முதலாம் ஆண்டு, 2027 இரண்டாம் ஆண்டு. திருவருகைக் காலத்தோடு சுழற்சி மாறிவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பல புரோட்டஸ்டண்ட் சபைகளிலும் இந்தச் சுழற்சியை ஒட்டிய வாசக ஒழுங்குகள் உள்ளன.

சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நற்செய்தியை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு முதல் வாசகத்தை எடுங்கள்; சிறப்புக் காலங்களுக்கு வெளியே உள்ள பொதுக்காலத்தில் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் அந்தப் பகுதி நற்செய்தியோடு ஏதோ ஓர் இழையால் கட்டப்பட்டிருக்கும், அந்த இழையைத் தேடிப் பிடிப்பதே உங்கள் வேலை. பின்னர் பதிலுரைப் பாடலை ஒரு மன்றாட்டாகச் சொல்லுங்கள். இரண்டாம் வாசகம் பெரும்பாலும் ஒரு திருமுகத்தை, அதாவது திருத்தூதரின் கடிதத்தை, தொடர்ந்து வாசிப்பதாக இருக்கும் என்பதால், அது மற்றவற்றோடு பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை.

நோட்டில் நான்கு செய்திகளை எழுதச் சொல்வது என் வழக்கம். இந்த ஞாயிறு எந்தக் காலத்தைச் சேர்ந்தது. வாசகத்தில் என்னை நிறுத்திய சொல் எது. அந்தச் சொல் இந்த வாரத்தில் என் வீட்டிலோ வேலையிலோ எதைத் தொடுகிறது. அதற்காக நான் செய்யப்போகும் ஒரு செயல் என்ன. கடைசிக் கேள்விக்குப் பெரிய பதில் எழுதாதீர்கள். "பேசாமல் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் பேசுவேன்" என்பது போதும். அடுத்த சனிக்கிழமை அதைச் செய்தீர்களா என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: காலங்களுக்குள் நுழைதல்

திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. நிறம் ஊதா. டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும், 17 முதல் அவருடைய பிறப்பையும் நோக்கி நிற்கின்றன. முதல் ஞாயிறு விழித்திருக்கச் சொல்லும். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் பேசுவார். நான்காம் ஞாயிறு மரியாவையும் யோசேப்பையும் நம்மிடம் அழைத்து வரும். இங்கே நமக்குள்ள இடர், காத்திருக்கவே இடமில்லாமல் போவதுதான். டிசம்பர் முதல் வாரத்திலேயே கீத பவனியும், கேக்கும், அலுவலகக் கிறிஸ்துமஸ் விழாவும் தொடங்கிவிடுவதால், 25-ஆம் நாள் வரும்போது விழா பழையதாகிவிடுகிறது. ஊரோடு ஒத்துப் போகத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் ஒரு சிறு மூலையையாவது காத்திருப்புக்கென வைத்திருக்கலாம்.

அந்த மூலைக்கு ஏற்றது திருவருகை வளையம். ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிஷ் விஷர்ன், 1839-இல் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதற்காக மெழுகுவர்த்திகள் வைத்த ஒரு வளையத்தை அமைத்தார். இன்றைய நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் சவுக்குக் கிளையை வளைத்துக் கட்டினால் போதும். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றின் மகிழ்ச்சிக்காக ஒரு ரோஜா நிறம் என நான்கு மெழுகுவர்த்திகளை நட்டு, வாரத்துக்கு ஒன்றாக மாலையில் ஏற்றுங்கள். கார்த்திகையின் மழை இருட்டில் மின்சாரம் போன ஒரு மாலையில் அந்த ஒற்றைச் சுடரின் முன் அமர்ந்தால், இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற எசாயாவின் வாக்குக்கு விளக்கம் தேவைப்படாது.

கிறிஸ்து பிறப்பைக் காட்டும் குடிலையும் மெல்லக் கட்டுங்கள். பத்துப் பதினைந்து நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்து, புல் முளைப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இத்தாலியின் கிரேச்சியோவில் 1223-இல் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. மின்விளக்குத் தோரணத்தைவிட முளைத்து வரும் அந்தப் புல் காலத்தை நன்றாகச் சொல்கிறது. குழந்தை இயேசுவை வைக்கும் தீவனத் தொட்டி 24 இரவுவரை காலியாகவே இருக்கட்டும். மூன்று ஞானிகளின் உருவங்களை வீட்டின் மறுகோடியில் வைத்து, அவர்கள் குழந்தையைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவரை நாளுக்குச் சிறிது தூரம் நகர்த்தி வாருங்கள்.

கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்வதால், குடிலைப் புத்தாண்டு மறுநாளே பிரிக்க வேண்டாம். 26-இல் முதல் மறைச்சாட்சி ஸ்தேவானும், 28-இல் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளும் நினைவுகூரப்படுகிறார்கள். பிறப்பின் மறுநாளே பீடம் மறைச்சாட்சியரின் நிறமான சிவப்பை உடுத்துவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பார்கள். இந்தக் குழந்தை எதற்காகப் பிறந்தது என்று திருஅவை அப்போதே சொல்லத் தொடங்கிவிடுகிறது.

தவக்காலத்துக்கு வருவோம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசப்படும் சாம்பல், முந்தைய ஆண்டுக் குருத்து ஞாயிற்றில் மந்திரிக்கப்பட்ட ஓலைகளை எரித்துச் செய்வது. எனவே கதவின் மேல் செருகி வைத்த ஓலைச் சிலுவையைப் பங்கில் கேட்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். ஓராண்டு முழுதும் உங்கள் வீட்டு வாசலைக் கண்ட ஓலை உங்கள் நெற்றிக்கே திரும்பி வருகிறது. அன்றைய நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலிருந்து வரும். தர்மம், இறைவேண்டல், நோன்பு என்ற மூன்றையும் பிறர் காணச் செய்யாதீர்கள் என்று அது கேட்கிறது.

கத்தோலிக்கச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் புலால் விலக்க வேண்டும். நோன்பு என்பது ஒரே ஒரு முழு உணவு; மற்ற இரு வேளைகளில் சிறிதளவு. நோயாளிகளும் கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் உடலை வருத்தத் தேவையில்லை. நமக்குத் தவக்காலம் வெயில் ஏறும் மாசி, பங்குனியில் வருவதால் தண்ணீரை ஒருபோதும் விலக்காதீர்கள். நாற்பது நாளும் புலால் உண்ணாமை நம் ஊர்களில் பரவலான நல்வழக்கம். ஆனால் மீனையும் இறைச்சியையும் விட்டதால் மிஞ்சிய பணம் எங்கே போனது என்ற கேள்வியும் அதோடு சேர வேண்டும். அந்தப் பணத்தை வாரந்தோறும் ஓர் உண்டியலில் போட்டு, பெரிய வியாழனன்று அது தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தர்மம், இறைவேண்டல், நோன்பு ஆகிய மூன்று கடமைகளிலும் ஒவ்வொரு தீர்மானத்தை மட்டும் தெரிந்தெடுங்கள். பத்துத் தீர்மானங்கள் எழுதியவர் மூன்றாம் வாரத்தில் ஒன்றையும் வைத்திருக்கமாட்டார். முதலாம் ஆண்டின் தவக்கால ஞாயிறுகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சோதனை, தோற்றமாற்றம் ஆகியவற்றை அடுத்து, கிணற்றடியில் சமாரியப் பெண், பார்வை பெற்ற மனிதர், உயிர்பெற்ற இலாசர் என்று யோவானின் மூன்று நெடும் பகுதிகள் வரும். தண்ணீர், ஒளி, உயிர் என்ற இம்மூன்றும் திருமுழுக்குப் பெற இருப்போருக்காகப் பழங்காலம் முதல் வைக்கப்பட்டவை. திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர் உள்ள பங்குகளில் எந்த ஆண்டிலும் இவற்றை வாசிக்கலாம். தவக்காலத்தில் அல்லேலூயா பாடப்படுவதில்லை என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாமையை உணர்ந்தவர்களுக்கே அது திரும்பி வரும் இரவு புரியும்.

பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையான பாஸ்கா முந்நாள்களில் இயன்றவரை வேலைக்கு விடுப்பு எடுங்கள். ஆண்டில் ஒரே ஒருமுறைதான் விடுப்பு கிடைக்கும் என்றால் அதை இதற்கே வையுங்கள். பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவும் சடங்கும், பின்னர் நற்கருணைப் பவனியும், நள்ளிரவுவரை ஆராதனையும் நடைபெறும், பீடம் வெறுமையாக்கப்படும். பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு, உலகம் முழுதுக்குமான மன்றாட்டுகள், சிலுவையை முத்தி செய்தல் என வழிபாடு நீளும். பல ஊர்களில் அதன் பின் கஞ்சி ஊற்றுவார்கள். வரிசையில் நின்று அதை வாங்கிக் குடியுங்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எஜேரியா என்ற பெண், அங்கே மக்கள் ஓலைகளோடும் கிளைகளோடும் ஒலிவ மலையிலிருந்து இறங்கியதையும், சிலுவை மரத்தை வரிசையாக வந்து முத்தி செய்ததையும் எழுதி வைத்திருக்கிறார். நாம் செய்வது எவ்வளவு பழமையானது என்பதற்கு அவர் சாட்சி.

சனிக்கிழமை இரவின் பாஸ்கா திருவிழிப்பை மட்டும் தவறவிடாதீர்கள். காலையில் ஒரு திருப்பலி இருக்கிறதே என்று அதைத் தள்ளிவிடுவோர் மிகப் பலர். வெளியே மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டு, இருண்ட கோவிலுக்குள் அந்த ஒற்றை ஒளி நுழைந்து, கைமாறிக் கைமாறி எல்லோருடைய மெழுகுவர்த்திக்கும் வந்து சேரும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண நூலின் பகுதியை விடக்கூடாது என்பது விதி. வகுப்பில் ஓராண்டு முழுதும் நான் சொன்னவை அனைத்தும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: ஐம்பது நாள் தங்கியிருத்தல்

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இதுதான். உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவிப் பெருவிழாவரை உள்ள ஐம்பது நாட்களையும் ஒரே பெரிய ஞாயிறு போலக் கொண்டாட வேண்டும் என்பது திருஅவையின் ஒழுங்கு. இந்த நாட்களில் முழந்தாளிடாமல் நின்றே மன்றாட வேண்டும் என்று நீசேயா சங்கம் தன் இருபதாம் விதியில் சொன்னது. உயிர்த்தவரோடு எழுந்தவர்கள் நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. பழங்காலத்தில் திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஒரு வாரம் முழுதும் வெள்ளாடையோடு கோவிலுக்கு வந்தார்கள். தாங்கள் பெற்றுக்கொண்டவை எவை என்று அதன் பிறகே மிலானின் அம்புரோசு போன்ற ஆயர்கள் அவர்களுக்கு விரித்துரைத்தார்கள். முதலில் அனுபவம், பிறகே விளக்கம்.

நோன்பைக் கடைப்பிடிக்க நமக்குத் தெரிகிறது, மகிழ்ச்சியைக் கடைப்பிடிக்கத் தெரியவில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலில் 28 அதிகாரங்கள் உள்ளன. வாரத்துக்கு நான்கு அதிகாரம் வாசித்தாலே தூய ஆவிப் பெருவிழாவுக்குள் முடித்துவிடலாம். திருப்பலியிலும் இக்காலத்தில் பழைய ஏற்பாட்டுக்குப் பதில் அதுவே முதல் வாசகமாக இருக்கும். தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப் பாதைக்குப் போன அதே மாலை நேரத்தை, இப்போது வெள்ளிதோறும் ஒருவரை வீட்டுக்கு அழைத்து உணவு கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். திருவிழிப்பில் கையில் வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து வந்து, இரவு மன்றாட்டின்போது ஏற்றுங்கள். பள்ளி விடுமுறையும் மாம்பழமும் வரும் நாட்கள் இவை. பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தை இனிமையாகக் காட்டுவது கடினமன்று.

ஆறாம் படி: பச்சை நிற மாதங்களும் புனிதர்களும்

பொதுக்காலம் 33 அல்லது 34 வாரம். நிறம் பச்சை. கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் இடையே ஒரு சிறு பகுதியும், தூய ஆவிப் பெருவிழாவுக்குப் பின் நெடிய பகுதியும் வரும். இங்கே விழா என்று ஒன்றும் இல்லையே என்று சலிக்காமல், அந்த ஆண்டின் நற்செய்தியைத் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாகப் பின்பற்றுங்கள். மாற்கு குறுகிய நூல் என்பதால் இரண்டாம் ஆண்டில் ஐந்து ஞாயிறுகளுக்கு யோவானின் ஆறாம் அதிகாரம், வாழ்வு தரும் உணவு பற்றிய உரை, வாசிக்கப்படும். அந்த ஐந்து வாரமும் வீட்டில் சோற்றைக் கையில் எடுக்கும் முன் அதில் ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள்.

புனிதர்களில் முதலாண்டுக்கு மூவர் போதும். உங்கள் திருமுழுக்குப் பெயருக்குரியவர், உங்கள் பங்கின் பாதுகாவலர், நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர். ஜனவரி 14-இல் நினைவுகூரப்படும் தேவசகாயம் 1752-இல் அதே நாளில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்குப் பிப்ரவரி 4. தோமாவுக்கு ஜூலை 3. சவேரியாருக்கு டிசம்பர் 3, அதாவது திருவருகைக் காலம் தொடங்கிய சில நாளில். கோட்டாற்றில் சவேரியார் தேர் ஓடும்போதே வீட்டில் முதல் மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருக்கும்.

ஊர்த் திருவிழாக்களையும் இதனோடு இணைத்துக்கொள்ளலாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் ஏறும் கொடி, மரியாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8-ஐ நோக்கியது. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் தொடங்கி ஆகஸ்ட் 5-இல் நிறைவடைகிறது. நவநாளுக்குப் போகிறவர்கள் அன்றைய திருப்பலி வாசகத்தையும் வாசித்துவிட்டுப் போனால், தேரும் சப்பரமும் ஆண்டின் ஓட்டத்திலிருந்து தனித்து நிற்கமாட்டா. தென்மாவட்டச் சபைகளின் அறுப்பின் பண்டிகையும் அசனம் என்ற பொது விருந்தும் இப்படித்தான் பச்சை மாதங்களுக்கு நன்றியின் நிறத்தைச் சேர்க்கின்றன.

நடுவில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். பரீட்சை, பிரசவம், மருத்துவமனை, இரவுப் பணி என்று ஏதோ ஒன்று வந்து இரண்டு மாதம் நோட்டு திறக்கப்படாமல் கிடக்கும். விட்ட வாரங்களை நிரப்ப முயலாதீர்கள். இன்றைய ஞாயிறு எதுவோ அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் நம்பிக்கை வேறுபட்டவர்கள் இருந்தால் அவர்களை வற்புறுத்தாமல், குடிலுக்குப் புல் விதைப்பது, ஓலை மடிப்பது, விருந்துக்கு ஒருவரை அழைப்பது போன்ற எல்லோரும் கைகொடுக்கக்கூடிய செயல்களில் தொடங்குங்கள். காலங்களைக் கடைப்பிடிக்காத சபைகளிலிருந்து வந்தவர்கள் முதலில் இதை ஒரு சுமையாக உணரலாம். அவர்களுக்கு நான் சனிக்கிழமை வாசிப்பை மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

நவம்பர் வந்ததும் ஆண்டு முடிவை நோக்கித் திரும்பும். 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். முந்தின நாளே போய்ப் புல் வெட்டி, சுண்ணாம்பு பூசி, மாலையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும்போது, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. 1925-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்தி, முதலில் அக்டோபரில் இருந்து, 1969-இல் ஆண்டின் இறுதிக்கு மாற்றப்பட்டது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மாலையோடு பழைய ஆண்டு முடிகிறது, ஏனெனில் ஞாயிறு அதன் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடும். அன்று விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்னதாக நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஓரக் குறிப்புகள் உட்பட வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் இருப்பவர்களும் கேட்கட்டும். வாசித்து முடித்ததும் புதிய பக்கத்தின் தலையில் திருவருகைக் காலம் முதல் ஞாயிறு என்று எழுதி, சவுக்கு வளையத்தில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள்.